ஜிங்க் போட்டால் அரிசியில் ஜிங்க் ஏறுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நெல் கட்டுரையில், ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போட்டால் பயிரும் தேறும், அரிசியிலும் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து கூடும் என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை அப்படியே விட மனமில்லாமல்தான் இந்தக் கடிதம்.

நட்டு இரண்டு மூன்று வாரத்தில் பயிர் வளர்ச்சி நின்று, இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளுத்து, கீழ் இலைகளில் துருப் புள்ளி விழுவதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். இன்றைய உத்தராகண்டில் உள்ள பந்த்நகரில் இதைக் கைரா நோய் என்றார்கள். பூஞ்சாணமோ பூச்சியோ அல்ல, ஜிங்க் பற்றாக்குறைதான் காரணம் என்று 1966-ல் அங்கே பயிர் நோய் ஆய்வாளர் ஒய்.எல்.நெனே காட்டினார். இத்தனைக்கும் அந்த மண்ணில் ஜிங்க் அடியோடு இல்லாமல் போவதில்லை. தண்ணீர் கட்டிய வயலில் காற்று போய்விடுகிறது. ஜிங்க் சல்பைடாகவும், சுண்ணாம்பு மண்ணில் கார்பனேட்டாகவும் மாறி, வேருக்கு எட்டாமல் கிடக்கிறது. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அள்ளிப் போட்டால் இன்னும் மோசம். மணிச்சத்து உரமான டிஏபியின் கரைசலில் ஜிங்க் சல்பேட் கரைசலை ஊற்றிப் பாருங்கள், திரிந்த பால் போல வெள்ளையாகப் படியும். அது ஜிங்க் பாஸ்பேட், எளிதில் கரையாது. இரண்டையும் ஒரே வாளியில் கலக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால்தான் ஜிங்க் சல்பேட்டை மணலோடு தனியாகக் கலந்து, நடவுக்குச் சற்று முன் சமன் செய்த வயலில் மேலாகத் தூவச் சொல்கிறார்கள்.

சரி, வேருக்குப் பக்கத்தில் ஜிங்க் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது தானாக உள்ளே போய்விடாது. வேர்ச் செல்லின் சவ்வில் இருக்கும் ஜிப் குடும்பப் புரதங்கள்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். நெல்லில் இந்த வேலையில் ஜிப்-9 முக்கியமானது என்று 2020-ல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக் குழுக்கள் எழுதின. பற்றாக்குறை வரும்போது செடி இதைக் கூடுதலாக உற்பத்தி செய்யும், தேவை தீர்ந்தால் குறைத்துக்கொள்ளும். ஆக, மண்ணில் கொட்டுவதை இரட்டிப்பாக்கினால் உள்ளே போவதும் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட முடியாது. உள்ளே போனதிலும் ஒரு பங்கை எச்எம்ஏ-3 என்ற புரதம் வேர்ச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் பூட்டி வைத்துவிடுகிறது. மிச்சம்தான் சைலம் என்ற நீர்க் குழாய் வழியாக மேலே ஏறுகிறது.

எனக்குப் பெரிதும் பிடித்த இடம் இதற்கடுத்து வரும் கணு. வைக்கோல் தாளை நுனி விரலால் தடவினால் முண்டு முண்டாகத் தட்டுப்படுமே, அதேதான். இங்கே சாற்றுக் குழாய்கள் பருத்து, ஒன்றோடொன்று நெருங்கி, எது எங்கே போவது என்று பங்கு பிரிகிறது. ஜிப்-3 என்ற புரதம் சைலத்திலிருந்து ஜிங்கை இறக்கி, வளரும் குருத்துக்கும் கதிருக்கும் திருப்பிவிடுகிறது. ஒகயாமா பல்கலைக்கழகத்தினர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இதை முடக்கியபோது ஜிங்க் குருத்துக்குப் போகாமல் முதிர்ந்த இலைகளுக்கே போய்ச் சேர்ந்தது. முதிர்ந்த இலையிலிருந்து அதை மறுபடி ஃபுளோயம் என்ற உணவுக் குழாய் வழியாகக் கதிருக்குக் கொண்டுவர நிகோஷியானமின் என்ற சிறு மூலக்கூறின் துணை வேண்டும். அப்புறம் மணிக்குள் போனாலும் அது மிகச் செறிவாக இருப்பது முளைக்கருவிலும் தவிட்டு அடுக்கிலும்தான். அந்தப் பகுதியை மில்லில் தீட்டி மாட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

உங்கள் கட்டுரைக்கு நேரடிப் பதில் இது: சீனா, இந்தியா, லாவோஸ், தாய்லாந்து, துருக்கி ஆகிய நாடுகளின் வயல்களில் நடந்த சோதனைகள் 2012-ல் வெளியாகின. மண்ணில் மட்டும் ஜிங்க் இட்டபோது உமி நீக்கிய பழுப்பரிசியில் கூடியது சராசரியாக 2.4 சதவீதம். இலைவழித் தெளிப்பில் சுமார் 25 சதவீதம். உமியோடு அளந்தால் தெளிப்பின் பலன் இன்னும் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் உமியை யார் தின்னப் போகிறார்கள்? தெளிப்பதையும் பூத்த பிறகு, பால் பிடிக்கும் சமயத்தில் செய்தால்தான் மணிக்குக் கூடுதலாகப் போகிறது. கூலி, மழை எல்லாம் பார்த்தால் அதுவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. நெல் ரகமே ஜிங்கைத் தூக்கலாக எடுத்துக்கொண்டால் வேலை மிச்சம். ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘டிஆர்ஆர் தான் 45’ (DRR Dhan 45) என்ற ரகம் அப்படி வந்ததுதான்.

ஆகவே, அடுத்த முறை உரப் பரிந்துரை அட்டவணை போடும்போது, விளைச்சலுக்கு மண்ணில் இடுவதையும் அரிசிச் சத்துக்கு இலையில் தெளிப்பதையும் தனித்தனி வரிகளில், பருவத்தையும் குறிப்பிட்டு அச்சிடுங்கள். டிஏபியோடு கலக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
மன்னார்குடி வாசகர்