சொலினாய்டைக் கழற்றும் முன்: மெக்கானிக் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

கை கறுக்க உழைக்கும் தோழர்களே,

செக் இன்ஜின் லைட் எரிந்தபடி ஒரு வண்டி வருகிறது. ஐடிலிங்கில் உதறுகிறது, நிறுத்தத்தில் அணைந்துபோகிறது, பிக்கப் இல்லை. ஸ்கேனரைச் செருகினால் பி0011 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது நாம் சொல்லும் 'கோடு'. "வி.வி.டி. சொலினாய்டு போச்சு, மாத்திடலாம்" என்று அடுத்த நிமிடமே சொல்லிவிடுகிறோம். (இன்ஜின் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புதான் வி.வி.டி.; அதற்குப் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு இந்தச் சொலினாய்டு.) பத்து நாளில் அதே வண்டி, அதே கோடு. வண்டிக்காரர் முகம்தான் முன்பு போல இல்லை.

யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. ஒரே வண்டிக்கு இரண்டு முறை சொலினாய்டு மாற்றியவன் நான். முதலில் போட்டது டூப்ளிகேட்டாக இருக்கும் என்று பழியை அதன்மேல் போட்டு, இரண்டாவதையும் மாட்டினேன். மூன்றாம் முறை வந்தபோதுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். ஆயில் நுனியில் பட்டும் படாமலும் இருந்தது.

பி0011 என்பது பாகத்தின் பெயர் இல்லை. முதல் பேங்க்கின் (முதல் சிலிண்டர் இருக்கும் வரிசையின்) இன்டேக் கேம்ஷாஃப்ட், அதாவது காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டு, இ.சி.யூ. (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட கோணத்தைத் தாண்டி அட்வான்ஸில் (முந்தி) நிற்கிறது என்பதே அதன் பொருள். ரிடார்டில் (பிந்தி) நின்றால் பி0012. ஏன் நிற்கிறது என்று இரண்டுமே சொல்லாது. மின்சாரப் பக்கம் கோளாறு என்றால் வருவது பி0010. அப்போது காயில், வயர், கனெக்டர் என்று தேடலாம். கூடவே பி0016 வந்திருந்தால் கிராங்க்ஷாஃப்டும் கேம்ஷாஃப்டும் ஒத்துப்போகவில்லை. சொலினாய்டை விட்டுவிட்டு டைமிங் செயின் இழுத்திருக்கிறதா, பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சொலினாய்டு கேம்ஷாஃப்டைத் திருப்புவதில்லை, அது வெறும் குழாய்த் திருகு. இ.சி.யூ. சொல்கிறபடி ஆயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விடுகிறது. கேம்ஷாஃப்டின் கோணத்தை மாற்ற அதன் முனையில் இருக்கும் ஃபேசரைத் திருப்புவது ஆயில் பிரஷர். தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது குழாயை மாற்றி என்ன செய்ய? அதனால் முதல் வேலை டிப்ஸ்டிக். அளவு, நிறம், பிசுபிசுப்பு எல்லாம் பாருங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் ஃபேசர் சோம்பித்தான் நகரும். (ஃபேசரை மோட்டாரால் திருப்பும் இன்ஜின்களும் வந்துவிட்டன. அப்படித் திருப்பும் கேமுக்குத் தேட வேண்டிய ஆயில் சொலினாய்டே கிடையாது.)

அடுத்தது மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் நடுவே அளந்தால், பல டொயோட்டா இன்ஜின்களில் 20 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் காட்டும். மற்ற வண்டிகளுக்கு அந்தந்த சர்வீஸ் மேனுவல்தான் கணக்கு. ஓப்பன் (உள்ளே அறுந்திருக்கிறது) என்று காட்டினால் மாற்றுங்கள், வாதமே இல்லை. குளிரில் சரியாக இருந்து சூட்டில் அறுந்துபோகும் காயிலும் உண்டு, ஆகவே இன்ஜின் சூடேறிய பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள். கனெக்டருக்குள் ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சொலினாய்டு வழியே கசியும் ஆயில், வயருக்குள் ஊர்ந்து தூரம் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இன்ஜின் சூடாகி ஐடிலிங்கில் ஓடட்டும். ஓய்வில் ரிடார்டில் நிற்கும் இன்டேக் கேம் என்றால், சொலினாய்டுக்கு பேட்டரியின் 12 வோல்ட்டை ஓரிரு நொடி நேரடியாகக் கொடுங்கள். நீண்ட நேரம் கொடுத்தால் காயில் கருகிவிடும். இன்ஜின் திணறினாலோ அணைந்தாலோ மகிழ்ச்சி: வால்வு, ஆயில் வழி, ஃபேசர் மூன்றும் நகர்கின்றன. ஒன்றுமே நடக்கவில்லையா? வால்வை வெளியே எடுத்து மறுபடி 12 வோல்ட் கொடுத்து ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் உருளை) முழுதாக ஓடித் திரும்புகிறதா பாருங்கள். ஓடினால் அது நிரபராதி. வடிகட்டி வலையில் கசடு அடைத்திருக்கும், அல்லது ஃபேசர் மாட்டியிருக்கும்.

பி0011-க்கு இன்னொரு குறுக்குவழி: கனெக்டரைக் கழற்றிவிட்டு ஸ்கேனரில் கேம் கோணத்தைப் பாருங்கள். மின்சாரமே இல்லாதபோதும் அட்வான்ஸிலேயே நின்றால் வயரிங்கைக் குடைய வேண்டாம்; ஸ்பூலோ ஃபேசரோ இறுகியிருக்கிறது.

இத்தனைக்கும் அரைமணி நேரம் போதும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சொலினாய்டு மாற்றும் ஒவ்வொரு ஜாப் கார்டிலும் ஆயில் அளவு, ஓம் கணக்கு, 12 வோல்ட் சோதனையின் முடிவு மூன்றையும் எழுதி வண்டிக்காரரிடம் காட்டுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

என் வண்டிக்காரருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்தேன், கோடு திரும்ப வரவில்லை. இரண்டு சொலினாய்டுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதலில் கழற்றிய பழையது இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. நேற்றும் அளந்தேன்: 7.3 ஓம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்