ஒப்பிட வேண்டியது வாடகையை அல்ல, பில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கடற்கரைச் சுற்றுலாக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தங்கல், சாப்பாடு, பானம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய 'ஆல் இன்க்ளூசிவ்' ரிசார்ட் என்றாலே பணத்தைக் கடலில் கொட்டுவதுதான், சாதாரண ஓட்டலில் அறை எடுத்து வெளியே சாப்பிடுவதே புத்திசாலித்தனம் என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அவர் அறை வாடகையை அறை வாடகையோடு ஒப்பிடுகிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு பில் நீட்டுகிறார்களே, ஒப்பிட வேண்டியது அதை.

போன தை மாதம் மகன் செலவில் நானும் மனைவியும் மாலத்தீவு போனோம். தூத்துக்குடிக்காரனுக்கு அது அந்நிய ஊர் அல்ல. எங்கள் ஊர்த் தோணிகள் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு அதன் தலைநகர் மாலேவுக்குப் போகின்றன. மாசிக் கருவாடு அந்தப் பக்கத்துச் சரக்குதான். இவ்வளவு பழக்கமான இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்து, காலை உணவு மட்டும் சேர்ந்த அறையே போதும் என்று மகனிடம் அடித்துச் சொன்னவன் நானே.

அங்கே 1972இல் முதல் ரிசார்ட் வந்தது. அதிலிருந்து பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதே வழக்கமாகிவிட்டது. நாங்கள் தங்கிய தீவை முழுதாகச் சுற்றி வர இருபது நிமிடம் போதும். பெட்டிக்கடை கிடையாது, டீக்கடை கிடையாது. தென்னை தலைக்கு மேல் குலை தள்ளி நிற்கிறது. இளநீரோ மெனு அட்டையில் இருக்கிறது. வெளியே சாப்பிடலாம் என்றால், வெளியே இருப்பது கடல்.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தார்கள். எலுமிச்சைச் சாறு 10 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 11 டாலர். அந்த 11 டாலரின் மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி. 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். ஆக, கையெழுத்துப் போடும்போது சாறு 12 டாலர் 87 சென்ட். ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி தனி. மூன்றாம் நாள் மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வர மறுத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் திறந்துவிட்டார். கடல் பார்க்கப் போன இடத்தில் மெனு அட்டையின் வலது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்து அறையில் ஒரு கோவைக் குடும்பம். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள், அதாவது எல்லாம் அடங்கிய கட்டணம். பிள்ளைகள் நினைத்தபோதெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கினார்கள். பெற்றவர்கள் விலை கேட்கவே இல்லை. முதல் நாள் அவர்களைக் காட்டி "நன்றாக ஏமாந்திருக்கிறார்கள்" என்று மனைவி காதில் சொன்னேன். கடைசி நாள் இரண்டு பில்லையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தபோது ஏமாந்தது யார் என்று தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவர்கள் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. மாலத்தீவுக்குள் நாம் மது கொண்டுபோக முடியாது. பெட்டியில் ஒரு குப்பி இருந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரிசார்ட்டில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். மூன்று வேளைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த 'ஃபுல் போர்டு' கட்டணத்துக்கும் 'ஆல் இன்க்ளூசிவ்' கட்டணத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த மதுதான். குடிக்காத குடும்பம் அந்தக் கட்டணம் கட்டுவது, முன்பின் தெரியாதவன் வீட்டு விசேஷத்துக்கு மொய் எழுதுவது மாதிரி. கோவைக்காரர்களும் குடிக்கிறவர்கள் இல்லை. எங்கள் இரு வீட்டாருக்கும் சரியாக இருந்திருக்கக்கூடியது ஃபுல் போர்டு. அதை ஒருவரும் கேட்கவில்லை.

'எல்லாம்' என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. தீவுக்குப் போய்வரும் படகோ கடல் விமானமோ அதில் பல இடங்களில் சேராது. கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் போய் இறங்கினால் மாலேவில் ஓர் இரவு தங்கும் செலவும் உங்கள் தலையில்.

கட்டுரையாளர் சொன்ன வழியையும் சோதித்தோம். 2009க்குப் பிறகுதான் மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த அரசு வழிவிட்டது. கடைசி இரண்டு இரவு அப்படிப்பட்ட ஒரு தீவான மாஃபுஷியில் தங்கினோம். மாலேவிலிருந்து அரசுப் படகில் ஒன்றரை மணி நேரம். அங்கே பசுமை வரி 6 டாலர்தான், டீக்கடை உண்டு, கடையில் தண்ணீர் வாங்கலாம். சூரை மீனோடு தேங்காயும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு தருகிறார்கள்; மஸ் ஹுனி என்று பெயர். மனைவி இரண்டு நாளும் காலையில் அதைத்தான் கேட்டு வாங்கினார். உள்ளூர்ப் பெண்கள் முழு உடையோடு கடலில் இறங்குவதால் இவரும் கூச்சமில்லாமல் புடவையோடு இறங்கினார். ரிசார்ட்டில் மூன்று நாளும் கரையில் உட்கார்ந்திருந்தவர். (அந்தத் தீவில் ஒரு சிறைச்சாலையும் இருக்கிறது. "அதுதான் அப்பா, அசல் ஆல் இன்க்ளூசிவ்" என்றான் மகன் தொலைபேசியில்.)

ஆக, கட்டுரையாளரின் யோசனை மாஃபுஷிக்குச் சரி. மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் இலங்கையின் ஹிக்கடுவைக்கும் கூடச் சரி. வாசலைத் தாண்டினால் சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கிற ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்பணம் கட்டுகிறவருக்குப் பணம் அதிகம் என்று அர்த்தம். கடையே இல்லாத தீவுக்கு அதே யோசனையைச் சொன்னால், என்னைப் போல ஒருவர் முறுக்கு டப்பாவோடுதான் உட்கார வேண்டும். மாஃபுஷியில் தங்கிக்கொண்டு, பக்கத்து ரிசார்ட்டுக்கு ஒரு நாள் மட்டும் சாப்பாட்டோடு 'டே பாஸ்' வாங்கிப் போய்வருவதுண்டாம். இதைக் கட்டுரையில் சேர்த்திருந்தால் பலருக்கு உதவியிருக்கும். எனக்கே அது திரும்பும் படகில்தான் தெரிந்தது.

இனிமேல் இப்படிப்பட்ட கட்டுரைகளில் விலை போடும்போது, அந்த இரண்டு கூட்டல் குறிகளையும் கூட்டிய தொகையையே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
தூத்துக்குடி