ஆயிரம் முடியாத கைக்கு ஐந்நூறையாவது எழுதுங்கள்

நெல்லைச் சீமையின் பீடிக் கம்பெனி முதலாளிமார்களுக்கும் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

முக்கூடல், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர், மேலப்பாளையம் என எந்த ஊர்ப் பீடிக் கடையிலும் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது சில கடைகளில், "தினம் ஆயிரம் பீடி போட முடியாதவங்க பாஸ்புக்கைக் கொடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். சுற்றிய பீடியையும் வேலைநாளையும் பதியும் கம்பெனிப் புத்தகம் அது; அதைக் கொடுத்தால் வேலை போனது மாதிரி. அதனால்தான் இந்த மடல். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கைவலியோடு ஒரு பெண் ஐந்நூறு சுற்றினாலும் அதை ஒரு வேலைநாளாகப் பாஸ்புக்கில் ஏற்றுங்கள்.

கணக்கைப் பாருங்கள். நனைத்துப் பதம் வந்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிப்பது தனி வேலை. அதை விட்டுவிடுவோம். தூள் வைத்துச் சுருட்டி, வாயை நகத்தால் மடக்கி, நூல் சுற்ற ஒரு பீடிக்கு 30 விநாடி என்றாலே ஆயிரத்துக்கு 8 மணி 20 நிமிடம் ஆகிறது. கட்டைவிரல் வலியால் அது 45 விநாடியானால் பன்னிரண்டரை மணி நேரம். கூலி மட்டும் அதே ஆயிரத்துக்குத்தான். சமையலும் தண்ணீர் பிடிப்பதும் அந்தப் பன்னிரண்டரை மணிக்கு வெளியே.

மடியில் சுளகு, குனிந்த கழுத்து, நாளெல்லாம் ஒரே மடக்கல். கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துப்போனால் ஒவ்வொரு அசைவும் உரசும். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொல்லிப் பாருங்கள், துடித்துவிடுவார்கள். சிலருக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படும். கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலில் பாதிவரை மரத்துப்போகும். ராத்திரி விழித்துக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இதில் கொடுமை எதுவென்றால், பிடிமானம் குறைந்த விரல் மடக்கும் வாய் இறுக்கமாக இருக்காது. தூள் உதிரும். கடையில் பீடியைச் சரிபார்க்கும் செக்கர் அதைக் கழிவில் தள்ளுவார். கழிவுக்குக் கூலி கிடையாது. கடையில் கொடுத்த இலை போதாமல் வெளியில் வாங்கியதும் கைக்காசு. ஆக, வலி முதலில் நேரத்தைத் தின்கிறது, பிறகு சுற்றி முடித்ததையும் தின்கிறது.

டாக்டர் கட்டைவிரலுக்குப் பட்டை போட்டு, "கைக்கு ரெஸ்ட் கொடுங்கம்மா" என்கிறார். சரியான வைத்தியம்தான். பட்டை போட்ட விரலால் பீடி மடக்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே பட்டை பரணில் ஏறுகிறது, வலி மாத்திரை தினமும் உள்ளே போகிறது, வயிறும் சிறுநீரகமும் அடுத்த வரிசையில் நிற்கின்றன. டாக்டர் எழுதிக்கொடுத்த ரெஸ்டை எந்தக் கடையில் போட்டால் கூலி தருவீர்கள் என்று சொன்னால் வரிசையில் வந்து நிற்கிறோம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் தனியாகவே வகைப்படுத்துகிறது. நம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலோ நாள்பட்ட வலிக்கு இடமில்லை. சான்றிதழும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று பீடிமீது இருந்த நலவரியையும் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது எடுத்துவிட்டார்கள். குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர் மட்டும் வாரம் தவறுவதில்லை. சரி, அந்தப் புகார்களுக்கு வேறு மடல் எழுதுவோம்.

பாஸ்புக் போனால் கூலி மட்டும் போவதில்லை. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். எட்டாம் வருடத்தில் பெயரை அடித்தால் அந்தப் பென்ஷன் எட்டாக்கனி. பீடித் தொழிலாளி என்ற அட்டையை வைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கும் கல்வி உதவித்தொகையும் கேள்விக்குறி.

ஆகவே மறுபடியும் கேட்கிறோம்: ஐந்நூறை வேலைநாளாக ஏற்றுங்கள். டாக்டர் சீட்டு காட்டுகிறவரின் பெயரை அடிக்காதீர்கள். கழிவென்று ஒதுக்கினால் எத்தனை, எதற்காக என்று பாஸ்புக்கிலேயே எழுதிக்கொடுங்கள். துறையினர் பீடித் தொழிலாளர் மருந்தகங்களில் மாத்திரையோடு, ராத்திரி கட்டிக்கொள்ளும் மணிக்கட்டுப் பட்டையும் கிடைக்கச் செய்யுங்கள்.

கணக்கப்பிள்ளைமாருக்கு நீங்கள் ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். தீபாவளி போனஸ் கணக்கு முடிக்குமுன் அதைப் போட்டுத்தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமைப் பீடி சுற்றும் பெண்களுக்காக