மேற்குக் கயிறு

பாம்பன்,
மே 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சோம்பலில் பதில் போடாமல் இருக்கவில்லை. நீ கேட்ட கேள்வி அப்படி. "மூன்று வருஷம் மீனவர் சங்கத் தலைவராக இருந்தவன் நீ. இந்தப் பனியன் கம்பெனியில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று எழுது" என்றிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மீன்பிடித் தடைக்காலம், அதனால் விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரை கரையில்தான். வலை பின்னுவதும் பெயின்ட் அடிப்பதும் டீக்கடையில் அரசியல் பேசுவதுமாகப் பொழுது போகிறது. நாங்கள் நாட்டுப்படகுக்காரர்கள் போய்வருகிறோம். மீன் விலை பரவாயில்லை. 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து தீவுக்குள் வருகிறது. கப்பல் வந்தால் பழைய பாலம் இரண்டு கையாகப் பிரியுமே, புதுசு அப்படியில்லை. நடுப்பகுதி மொத்தமும் லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. நீ வந்தால் காட்டுகிறேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பனியன் கம்பெனி பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது கரைவலை. பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தனுஷ்கோடிப் பக்கம் நான் கரைவலை இழுக்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை வளைத்துப் போட்டபடியே வந்து, மறு கயிற்றைத் தள்ளி ஒரு இடத்தில் கொண்டு சேர்க்கும். கிழக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், மேற்குக் கயிற்றில் ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால்தான் மீன் சேரும் பையான மடி நேராக வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை சாயும், அடிக்கயிறு தரையை விட்டுக் கிளம்பும், மீன் அடியில் புகுந்து போய்விடும். நடுவில் துண்டை வீசிச் சைகை காட்டிக்கொண்டு நிற்பவர்தான் மண்டாடி.

அன்றைக்குத் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. நல்ல சூடை மீன் கூட்டம். எனக்கோ சாயங்காலம் ராமேஸ்வரத்தில் சினிமா பார்க்கப் போகிற அவசரம். மேற்குக் கயிற்றில் முன்னால் நின்ற நான், இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை வேகமாக எடுத்துவிட்டேன். பின்னால் நின்றவர்கள் பாட்டுக்குத் தக்கபடி இழுத்தார்கள். மண்டாடி துண்டை வீசியதை நான் பார்க்கவே இல்லை. மடி கரைக்கு வந்தபோது உள்ளே கொஞ்சம் காரல் மீனும் ஒரு கூடை பாசியும்தான். முப்பது பேரின் ஒரு நாள் கூலி, மாப்பிள்ளை.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எவன்டா கெடுத்தது?" எனக்குக் கால் நடுங்கியது. மண்டாடி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நீவாட்டை (நீரோட்டத்தை) நான் சரியாப் பாக்கல சம்மாட்டி. தப்பு என்னோடது." அவ்வளவுதான். கிழவருக்கு அன்று கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "நாளைக்கும் மேற்கு நீதான் முன்னால. துண்டைப் பாரு, கடலைப் பாக்காத" என்றார். அன்றைக்குச் சினிமாவுக்குப் போகவில்லை.

எங்கள் தீவில் கலாம் கதையைப் பள்ளி விழாவில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்ததும், பத்திரிகைக்காரர்கள் முன் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்பதோடு கைதட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்கடுத்த பகுதிதான் பெரிசு. கம்ப்யூட்டர் நிறுத்தச் சொன்னபோது அதை மீறி ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம்தான். அதை அவரே பிற்பாடு பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் அடுத்த தடவையும் அதே வேலை அவர் கையில்தான் இருந்தது. 1980 ஜூலை 18-ல் ராக்கெட் மேலே போனதும் பத்திரிகையாளர்களிடம் பேச அவரையே அனுப்பினார் தவான். பழியைச் சுமப்பதுகூட ஒரு நாள் வேலை. தப்புச் செய்தவன் கையில் மறுபடி கயிற்றைக் கொடுத்துவிட்டு இரவில் தூங்குவதற்கு வேறு தைரியம் வேண்டும்.

உன் செக்கிங் செக்‌ஷனில் இரண்டு பையன்கள் சரியில்லை, மாற்றிவிட்டு வேறு ஆள் எடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவும். 1964 புயலில் பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்கள் கடலில் போய்விட்டன. சரிசெய்ய ஆறு மாதம் என்றார்கள், மேலதிகாரி மூன்று மாதம் என்றார். வேலையை நடத்திய ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். அப்போது அவருக்கு 32 வயது. உங்கள் மேனேஜர் மாதிரி ஆட்கள் இந்த 46-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு அவசரப்படுத்துவார்கள். அவர் புதுத் தூலம் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. கடலுக்குள் விழுந்து கிடந்ததைத் தேடித் தூக்கி வந்து மாட்டினார். முதலில் அந்தப் பையன்கள் எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரி. எனக்கென்னவோ அவர்களுக்கு உன் துண்டு தெரியவில்லை என்றுதான் படுகிறது.

இன்னொன்று. மண்டாடி பங்கு பிரிப்பது மணலில்தான், எல்லார் கண் முன்னாலும். கயிறு, தோணி, வலை என்று ஒவ்வொன்றின் பங்கையும் வாய்விட்டுச் சொல்லித்தான் ஒதுக்குவார். கணக்குத் தெரியாத கிழவிகூட அங்கேயே கேள்வி கேட்பாள். நான் தலைவராக இருந்தபோது சங்கக் கணக்கு நோட்டை வீட்டு பீரோவில் வைத்திருந்தேன். ஒரு ரூபாய் எடுத்ததில்லை, சத்தியமாக. ஆனால் பீரோவில் இருக்கிற நோட்டை யார் நம்புவார்கள்? ஒரு வருஷம் நிவாரணப் பட்டியலில் பதினோரு பேர் பெயர் விட்டுப்போயிற்று. கடைசி நாள் வரை நோட்டைக் கொடுக்காமல் தாமதம் செய்தது நான். கூட்டத்தில் எல்லாரும் செயலாளர் மீது பாய்ந்தார்கள், பட்டியல் அவன் கையெழுத்தில் இருந்ததால். நான் வாயைத் திறக்கவில்லை. "பார்ப்போம், விசாரிப்போம்" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வாரம் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

உன் கடிதத்தைப் படித்ததும் கூச்சம் வந்தது அதனால்தான். மேற்குக் கயிற்றில் நின்றவன் துண்டைக் கையில் வாங்கியதும் இப்படி ஆனான். கோபக்காரன், முன்கோபி என்றெல்லாம் நீ உன்னைத் திட்டிக்கொண்டு எழுதியிருந்தாய். கோபம் பெரிய விஷயமில்லை, அந்த மண்டாடி பேசாத கெட்ட வார்த்தை இல்லை.

நேற்றுக் காலையில் ஏலக்கூடத்தில் அந்தச் செயலாளரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. டீ குடிக்கிறாயா என்றேன், குடித்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் ஏலம் கூப்பிட்டுவிட்டார்கள்.

நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். தங்கச்சியிடம் சொல், ஒரு வெயில் காட்டிவிட்டு டப்பாவில் போடட்டும். இங்கே இரண்டு நாளாக ஈரக்காற்று.

உன் மச்சான்