பொய்கைச் சந்தையிலும் ஒரு மேஜை போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூரில் நடந்த பால்பண்ணைக் கண்காட்சி பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கறவை இயந்திரம், புல் நறுக்கும் இயந்திரம், பதப்படுத்திய ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) மூட்டை எல்லாம் படத்தோடு வந்திருந்தன. அரங்கின் கடைசியில், சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகிற வழியில், விவசாய சங்க ஆலோசகர்கள் இரண்டு பேர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்ததைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. அன்று நான் பார்த்ததில் உருப்படியான இடம் அதுதான்.

மற்ற கடைகளில் எதைக் கேட்டாலும் பேச்சு விலைப்பட்டியலில் போய் முடிந்தது. பால் குறைந்தால் இந்தப் பொடி, சினை பிடிக்காவிட்டால் அந்த டானிக். சங்க மேஜையில் இருந்த இருவரில், பச்சைத் துண்டு போட்ட பெரியவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. ஒடுகத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், ஊற்றிய பாலின் கணக்கு எழுதும் பால் அட்டையை நீட்டி, "லிட்டருக்கு 38 ரூபாய்னு சொல்றாங்க ஐயா, எனக்கு ஒரு நாளும் அது வந்ததில்ல" என்றார். பெரியவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயானது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. சரி, ஆனால் அந்த விலை 4.3 சதவீதம் கொழுப்பும் 8.2 சதவீதம் கொழுப்பல்லாத இதர சத்தும் உள்ள பாலுக்கு. அதற்குக் கீழே இறங்கினால் காசும் இறங்கும். பால் கூட்டுறவு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற பலருக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை.

"கன்னுக்குப் பால் எப்பம்மா விடுறே?" என்று அந்த அம்மாவிடம் கேட்டார் பெரியவர்.

"கறந்து முடிச்சிட்டு, கடைசியா."

"அங்கதான் போவுது உன் கொழுப்பு."

மடியிலிருந்து முதலில் வருவது நீர்த்த பால், கெட்டியெல்லாம் கடைசிப் பாலில்தான். கன்றுக்கு முதலிலேயே விட்டுவிட்டு, பிறகு ஒட்டக் கறக்கச் சொன்னார். கேனை நன்றாகக் கலக்கிய பிறகே சாம்பிள் எடுக்க வேண்டும் என்றார். கறந்த சூட்டோடு, பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டரை விட்டால் டிகிரி குறைவாகத்தான் காட்டுமாம். கொழுப்பு, இதர சத்து, விலை எல்லாம் எழுதிய சீட்டை அங்கேயே கேட்டு வாங்குங்கள் என்றபோது அந்த அம்மா, "கேட்டா கோவிச்சுக்குவாங்களே" என்று இழுத்தார். "ஒருத்தி கேட்டாதான் கோவிச்சுக்குவாங்க. தெருவோட போய்க் கேளுங்க" என்றார் பெரியவர்.

நான் கேட்டது கடன் பற்றி. மாட்டுக் கடனுக்குப் போன என்னிடம் வங்கியில் நிலத்துச் சிட்டா கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். விவசாயிகளுக்கு வங்கிக் கடன் தரும் கிசான் கிரெடிட் கார்டு 2018-19லேயே கால்நடை வளர்ப்புக்கும் வந்துவிட்டது, சொந்த நிலம் வேண்டியதில்லை, வாடகைக் கொட்டகை இருந்தாலும் மனுக் கொடுக்கலாம் என்றார் பெரியவர். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானமும் கேட்கக் கூடாது, ஒழுங்காகக் கட்டினால் 2 லட்சம் வரை வட்டி 4 சதவீதம்தான் என்று ஒரு நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதியே கொடுத்தார். மாட்டுக் காப்பீடு பற்றிக் கேட்டதற்கு, "அதுல எனக்கு விவரம் பத்தாது, மாட்டு டாக்டரைக் கேளுங்க" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் முன்னால் சொன்னதையெல்லாம் முழுசாக நம்பினேன்.

சங்கங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்வு நாள் கூட்டம் என்றால் மைக்கைப் பிடித்து வலுவாகப் பேசுகிறார்கள், அது வேண்டியதுதான். ஆனால் தலைவருக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கும் இவர்களில் யாரும் எங்கள் ஊருக்கு வந்து ஒரு பால் அட்டையைப் படித்துக் காட்டியதில்லை. எப்போதோ நடக்கிற கண்காட்சியில், அதுவும் கடைசி மூலையில் உட்கார்ந்தால் எத்தனை பேர் கண்ணில் படுவார்கள்?

செவ்வாய்க்கிழமை தோறும் பொய்கை மாட்டுச் சந்தை கூடுகிறது. ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். முதல் மாடு வாங்க வருகிறவர், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரை நம்பித்தான் பணத்தை எண்ணுகிறார். முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டும் வேலை சந்தையில் எல்லாருக்கும் தெரியும், வாங்க வந்தவரைத் தவிர. ரெண்டு வேளை கறந்து பார்த்துவிட்டு முழுப் பணத்தைக் கொடுங்கள் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.

கண்காட்சியில் போட்ட அதே மேஜையைச் சங்கத்தார் பொய்கையில், டீக்கடை ஓரமாகப் போடட்டும். பந்தல், பேனர் எதுவும் வேண்டாம். வருவதானால் விடிவதற்கு முன்பே வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் நல்ல மாடெல்லாம் வண்டி ஏறிவிடும்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் வாசகர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்