ஒயின் கோப்பையும் மூக்கும்

ஆசிரியருக்கு,

கோப்பையின் வடிவம் ஒயினை நாக்கின் இனிப்புப் பகுதிக்கோ புளிப்புப் பகுதிக்கோ கொண்டுசேர்க்கிறது என்று ஞாயிறு மலரில் எழுதியிருந்தீர்கள். நாக்கில் அப்படித் தனித்தனி வட்டாரம் கிடையாது. சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். வடிவத்துக்கு வேலை மூக்கோடுதான். வயிறு அகன்று வாய் குறுகிய கோப்பையில் மணம் தங்கும். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆவியையே படம்பிடித்தார்கள்: 13 டிகிரி செல்சியஸில் ஆல்கஹால் ஆவி விளிம்பையொட்டி வளையமாக நின்றது, நடுவில் குறைந்திருந்தது; அங்கே ஆல்கஹால் நெடி மணத்தை அவ்வளவாக மறைக்காது. நேர்ச்சுவர்க் கோப்பையில் அந்த வளையம் உருவாகவில்லை.

விளிம்புவரை ஊற்றினால் விலையுயர்ந்த கோப்பையும் வீண். வயிறு மிக அகன்ற இடத்தோடு நிறுத்துங்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த சுவைப்புக் கோப்பை 215 மில்லி கொள்ளும், ஊற்றுவதோ 50தான். ஒயின் ரகத்துக்கொரு கோப்பை என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. துலிப் பூப்போல வயிறு அகன்று வாய் குறுகிய வடிவம் ஒன்றே வீட்டுக்குப் போதும், ஷாம்பெய்னுக்கும்கூட.

கழுவுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சோப்புப் படலம் ஒட்டியிருந்தால் ஷாம்பெய்ன் நுரை நிற்காது; வெந்நீரில் இருமுறை அலசுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்தால் மரவாடை உள்ளே அடைபடும். ஊற்றுமுன் வெறுங்கோப்பையை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி