லைனுக்கு விளக்கு எப்போது?

வால்பாறையில் சிறுத்தைப் பிரச்சினையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும் எஸ்டேட் நிர்வாகங்களுக்கும்,

வணக்கம். நான் வியாசர்பாடிக்காரன். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது வால்பாறையில். அக்காவும் மாமாவும் எஸ்டேட்டில்தான் வேலை. போன வாரம் அவர்கள் லைனில், அதாவது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையில், ஒரு வாசலிலிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப்போனது. மறுநாள் வந்து பார்த்தவர்கள் சொன்னது இதுதான்: இருட்டினால் யாரும் வெளியே வராதீர்கள்.

நல்ல யோசனை ஐயா. ஆனால் கழிப்பறை வெளியேதானே இருக்கிறது? லைன் முடிகிற இடத்தில், புதரை ஒட்டி. அக்கா மகளுக்கு ஒன்பது வயது. ராத்திரி அவசரம் என்றால் மாமா தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போக, அக்கா டார்ச்சோடு பின்னால் போக, நடுவில் பிள்ளை. இப்போது அவள் சாயங்காலத்துக்கு அப்புறம் தண்ணீரே குடிப்பதில்லை. சோற்றுக்குக்கூட ரசம் வேண்டாம் என்கிறாளாம்.

2025 ஜூனில் வால்பாறையில் நாலு வயதுக் குழந்தையை வீட்டருகிலிருந்தே சிறுத்தை இழுத்துப்போனது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்புறம் கூண்டு வந்தது. பிடித்து வேறு காட்டில் விட்டால் தொல்லை இடம் மாறும், அவ்வளவுதான். மகாராஷ்டிராவில் ஜுன்னார் பக்கம் அதைப் பார்த்தாயிற்று. சிறுத்தையைச் சுடச் சொல்லி அக்கா கேட்கவில்லை. "அதுவும் இங்கேதானே பிறந்தது" என்பாள். அவள் கேட்பது லைனுக்கு விளக்கு, வீட்டோடு கழிப்பறை, சுற்றிலும் புதர் வெட்டுவது.

யானை நடமாட்டத்துக்கு இதே வால்பாறையில் சிவப்பு விளக்கு எரிகிறது, செல்போனில் செய்தி போகிறது. மனது வைத்தால் முடிகிறதல்லவா? விளக்கு என்று கேட்டால் மட்டும் நிர்வாகம் அதிகாரிகளைக் காட்டுகிறது, அதிகாரிகள் நிர்வாகத்தைக் காட்டுகிறார்கள்.

வடசென்னைக்காரர்கள் எங்களுக்கு இது புதிதல்ல. 2023 டிசம்பரில் எங்கள் பக்கத்து எண்ணூரில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து நள்ளிரவு அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபத்து எப்போதும் முதலாளி வீட்டு விலாசத்தைத் தவறவிட்டுவிடுகிறது. பங்களாவில் விடிய விடிய விளக்கு எரிகிறது. சந்தேகமிருந்தால் சிறுத்தையைக் கேளுங்கள். செத்தால் லட்சக்கணக்கில் நிவாரணம் கொடுக்க வழி இருக்கிறது, உயிரோடு இருக்கும்போது ஒரு பல்புக்கு வழியில்லை.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். தென்மேற்கு மழை இறங்கினால் வால்பாறையில் பகலே இருட்டு. அதற்குள் லைனுக்கு விளக்கு போட்டுக் கொடுங்கள். கழிப்பறைக்கு நாளாகும் என்றால், எந்த மாதம் என்று எழுதி ஒட்டுங்கள். "வெளியே வராதீர்கள்" நோட்டீஸ் ஒட்டிய அதே சுவரில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி